அகராதி அடித்துவிட்ட வரி

ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டு ‘அகராதி’யிடமிருந்து தப்பித்தவர் தாம்பரத்தில் ஒருவரும் கிடையாது. அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அச்சகமொன்றில் புரூஃப் பார்த்தவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. டீக்கடையில் ஒருவன், “சும்மா கற்பனை பண்ணாத மச்சான்” என்றதற்கு, அவன் டீ ஆறி ஆடை கட்டும்வரை நிற்கவைத்துக் கத்தினார்.

“கற்பனைன்னா பொய்யின்னு எவன்டா சொன்னான்? வடமொழிலேர்ந்து வந்த வார்த்தை. உண்டாக்குறது, ஒழுங்கா அமைக்கிறதுன்னு அர்த்தம். கொத்தனாரு வூடு கட்றாரே, அத்தப் பொய்யின்னுவியா?”

எண்பதுகளில் எங்கள் காலனி ஆண்டு மலருக்கு நான் ஒரு கதை எழுதினேன். குடித்தனக்காரன் தலைக்குச் சோப்பு போட்டதும் மோட்டாரை நிறுத்திவிடும் வீட்டுக்காரர் அதில் வருவார். மலர்க்குழுத் தலைவரே என் வீட்டுக்காரர்தான். படித்ததும் கூப்பிட்டுவிட்டார்.

“என்னப்பா, என்னையே எழுதியிருக்க போல?”

“ஐயோ, இல்ல சார். எல்லாம் கற்பனை.”

“அப்ப கீழ அந்த வரியப் போடு. இல்லேன்னா வீட்டக் காலி பண்ணு.”

என் மனைவிக்கு எட்டாவது மாதம். பத்திரிகைக் கதைகளின் அடியில் வழக்கமாகப் போடுவார்களே, ‘பெயர்களும் சம்பவங்களும் யாவும் கற்பனையே’ என்று, அதை எழுதி, மலர் அச்சாகிக்கொண்டிருந்த அகராதியின் அச்சகத்துக்கு ஓடினேன்.

மலர் வந்தது. வரியைக் காணோம்! நேரே போய் அகராதியின் சட்டையைப் பிடித்தேன்.

“அறிவிருக்கா உமக்கு? எங்கே அந்த வரி?”

“அடிச்சிட்டேன். ஷோக்கா ஒரு கதை எழுதிட்டு, அதுக்குக் கீழ மன்னிப்பு கேட்டுகினு நிக்கிறியே, இன்னா சார் நீ? வெக்கமா இல்ல?”

“வெக்கமா? புள்ளத்தாச்சிய எந்தத் தெருவுலய்யா உக்கார வைப்பேன்?”

“எப்போ காலி பண்ணணுமாம்?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்காரர் தந்த கெடு ஞாயிற்றுக்கிழமைவரை. அன்று காலை வாசலில் ஒரு கைவண்டியோடு வந்து நின்றார்.

“பெருங்களத்தூர்ல நம்ம வூடு கீது. ஒரே ரூம்புதான். நான் பிரஸ்ல படுத்துக்கிறேன்.”

ஆத்திரத்தில் நான் உள்ளே போய்விட்டேன். என் மனைவிதான் பாத்திர மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

ஒன்றரை வருடம் அச்சகத்தில் காகிதக் கட்டுகளின்மேல் படுத்தார். என் மகள் அவர் அறையில்தான் நடக்கப் பழகினாள். வாராவாரம் சாப்பிட வருவார். அந்த வரிக்காக நான் திட்டுவேன். “திட்டு சார்” என்றபடி ரசம் ஊற்றிக்கொள்வார்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கும் சேர்த்துத் திட்டவேண்டியிருக்கிறது, அந்த மனுஷனை.