காலாப்பட்டு மாமாவுக்கு, செல்வியின் முதல் பல் குறித்து

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
வெள்ளிக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய மாமா நாராயணசாமி அவர்களுக்கு, மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும் செல்வாம்பாள் அத்தையும் காலாப்பட்டில் கடற்காற்று வாங்கிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். காரைக்காலில் பயிற்சியில் இருக்கும் துர்கா சுகம். உங்கள் பேத்தி செந்தமிழ்ச்செல்வி சுகம். அவளுடைய பல்லும் சுகம். ஆமாம் மாமா, பல். கீழ் ஈற்றில், நட்ட நடுவில், ஒன்று. இதை ஒரு போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் முப்பத்தோரு வருடம் தமிழாசிரியராக இருந்தவருக்கு நல்ல சேதியைக் கடிதமாகச் சொல்வதுதான் மரியாதை. ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இடது கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

துர்கா கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நீங்கள் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. நில அளவைத் துறையில் அவளுக்குப் பதவி உயர்வு வர வேண்டுமென்றால் இந்தப் பத்து நாள் பயிற்சியை முடித்தே ஆக வேண்டும். எட்டு மாதப் பிள்ளையைக் காலாப்பட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று நீங்கள் சொன்னீர்கள். லீவு போட்டு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன். நீங்கள் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாப்ள, தண்ணி பைப்பு பாக்குறது வேற, புள்ள பாக்குறது வேற" என்றீர்கள். துர்கா பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக இன்னொன்று சொன்னாள். பிள்ளை அழுது அரற்றுகிறாள் என்று தெரிந்தால் பயிற்சியும் வேண்டாம், பதவியும் வேண்டாம், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவேன் என்று. அவள் சொன்னால் செய்கிறவள். உங்கள் மகள்தானே.

முதல் இரண்டு நாள் ராஜாங்கம் நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் காலை பிள்ளையின் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாக இல்லை மாமா, திறந்துவிட்ட குழாய் மாதிரி. துர்கா வைத்துவிட்டுப் போன ஏழு கழுத்துத் துணியும் பத்து மணிக்குள் நனைந்துவிட்டன. பிறகு என் கைக்குட்டை, பிறகு என் துண்டு, மத்தியானத்துக்குள் என் லுங்கியைக் கிழித்துக் கட்டியிருந்தேன். எச்சில் பட்டுப் பட்டு முகவாய் முழுக்கச் சிவந்து பொரிப்பொரியாகிவிட்டது. கையில் கிடைத்ததை எல்லாம் கடித்தாள். ரிமோட்டைக் கடித்தாள், கேஸ் சிலிண்டர் புத்தகத்தின் மூலையைக் கடித்தாள், தூக்கி வைத்துக்கொண்டால் என் தாடையைக் கடித்தாள். கூழ் கொடுத்தால் கரண்டியைத் தட்டிவிட்டாள். வலது காதைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு அழுகை அழுதாள் பாருங்கள், நீங்கள் வைத்த செந்தமிழ்ச்செல்வி என்கிற பேரை நான் முழுசாகச் சொல்லிச் சமாதானப்படுத்துவதற்குள் அடுத்த அழுகை தொடங்கிவிட்டது.

அழுகைச் சத்தம் கேட்டு முதலில் வந்தவர் வைத்திக்குப்பத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டுவரும் அம்மாவாசை. அவர் பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணு பட்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அடுப்படியில் புகுந்து, ஏழு காய்ந்த மிளகாயை எடுத்து எங்கள் இருவரையும் சுற்றி நெருப்பில் போட்டுவிட்டார். திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி அடிக்காதாம். எங்கள் வீட்டில் அடித்தது. நான் தும்மினேன், அவர் தும்மினார், மாடி வீட்டில் குடியிருக்கும் யூஜின் அய்யா தும்மிக்கொண்டே இறங்கி வந்தார். யூஜின் அய்யாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சிப்பாய்க்கு அவர்கள் பாஷையில் சொல்தா, தெருவில் சொல்தா என்றால் அவர்தான். திருஷ்டி கழிந்துவிட்டது என்று அம்மாவாசை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பிள்ளை முன்னைவிட உரக்க அழுதாள்.

யூஜின் அய்யா வேறு வைத்தியம் வைத்திருந்தார். "தம்பி, ஈறுல ஒரே ஒரு சொட்டு கோஞ்ஞாக் தடவு. எங்க வீட்ல நாலு புள்ளைங்களும் அப்படித்தான் வளந்துது" என்று பாட்டிலோடு நின்றார். அது சாராயம்தானே என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அது சாராயம் இல்லை, கோஞ்ஞாக் என்றார். மாமா, உங்கள் வீட்டில் காபிக்குமேல் ஒன்றும் புழங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் பேத்தியின் வாயில் முதல் முதலாக மதுவைத் தொட்டு வைத்தவன் என்கிற பேர் எனக்கு வேண்டாம். கெஞ்சி மறுத்தேன். பாட்டிலை வைத்துவிட்டு ரொட்டியோடு வந்தார். நீளமாக இருக்குமே, அந்த ரொட்டியின் காய்ந்த முனை. அதைக் கடிக்கக் கொடு என்றார். ஒரு துண்டு உடைந்து தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்று அதையும் மறுத்தேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. ரொட்டியை என்னிடம் கொடுத்து நீ சாப்பிடு, காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை போலிருக்கிறது என்றார். உண்மைதான்.

அந்த நேரம் பார்த்துத் துர்கா வீடியோவில் கூப்பிட்டாள். பிள்ளை உச்சத்தில் இருந்தாள். நான் யூஜின் அய்யாவைப் பார்த்தேன். அவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். நான் போனை மின்விசிறி பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சிக்னல் சரியில்லை, பிள்ளை தூங்குகிறாள் என்றேன். மேலே அவர் "கோஷ், துருவாத், கோஷ், துருவாத்" என்று பிரெஞ்சில் இடம், வலம் சொல்லி அணிவகுப்பு நடக்கும் சத்தம் கேட்டது. யாரு அது என்றாள் துர்கா. யூஜின் அய்யா வாக்கிங் போகிறார் என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் கழித்து நான் மாடிக்குப் போனால், எழுபத்திரண்டு வயது மனிதர் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு இடம் வலம் திரும்பி நடந்துகொண்டிருக்கிறார், பிள்ளை அவர் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கிறாள்.

சத்தமில்லாமல் இருக்கிறாள். அதுதான் மாமா எனக்குப் பொறி தட்டிய இடம். கடிக்கும்போது அழவில்லை, காலரை வாயிலிருந்து எடுத்தால் அழுகிறாள். எங்கள் குழாய்த் தொழிலில் தண்ணீர் தெரிகிற இடத்தில் உடைப்பு இருக்காது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஈரம் இருந்தால் அந்தப் பக்கம் தோண்ட வேண்டியிருக்கும். இழுப்பது காது, சிவந்தது முகவாய், ஆனால் கோளாறு இரண்டிலும் இல்லை என்று எனக்குப் பட்டது. கையை சோப்புப் போட்டுக் கழுவி, மடியில் படுக்கவைத்து, ஆள்காட்டி விரலைக் கீழ் ஈற்றில் மெதுவாக ஓட்டினேன். ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வந்தபோது, ஒரு இடத்தில் ஈறு புடைத்து, உள்ளே அரிசி நுனி மாதிரி ஒன்று நெருடியது. அவள் என் விரலைக் கவ்விக்கொண்டாள். அழுகை நின்றது. கண்ணில் தண்ணீரோடு என்னை அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு நேரம் என்னடா பண்ணிக்கொண்டிருந்தாய் என்கிற பார்வை. எனக்கும் கண் கலங்கிவிட்டது மாமா. உங்களிடம் சொல்வதற்கு என்ன.

ஆனாலும் என் ஊகத்தை வைத்துப் பிள்ளையின் உடம்போடு விளையாடக் கூடாது என்று சாயங்காலமே டாக்டர் நிர்மலாதேவியிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் காதில் விளக்கடித்துப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், ஈற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பல்லுதாங்க. யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "பரவால்லையே, பாதிப் பேரு காதுவலின்னுதான் தூக்கிட்டு வருவாங்க" என்றார். இதை அவர் வரவேற்பறையில் இருந்த ஆறு தாய்மார்கள் கேட்கும்படி சொன்னார் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். மருந்துக் கடையில் விற்கிற மரத்துப்போகும் களிம்பு எதுவும் கூடாது, கோஞ்ஞாக்கும் கூடாது. சுத்தமான துணியை நனைத்து ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கடிக்கக் கொடுங்கள், உறைகிற அளவுக்கு வேண்டாம், கழுவிய விரலால் ஈற்றை நீவிவிடுங்கள், எச்சிலைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள் என்றார். உடம்பு லேசாகச் சுடலாம், ஆனால் நல்ல காய்ச்சல் அடித்தால் அதைப் பல்லின் தலையில் கட்டாமல் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

அன்றிலிருந்து வீடு என் ஆட்சிக்கு வந்தது. ஒரு சிறிய இடைஞ்சல் மட்டும். முதல் நாள் துணியை நான் குளிரவைத்த ஃபிரிட்ஜ் தட்டில், அம்மாவாசை கொடுத்த வஞ்சிரம் டப்பாவும் இருந்தது. டப்பா மூடித்தான் இருந்தது, வாசனையை யார் மூடுவது? பிள்ளை அந்தத் துணியை முகர்ந்துவிட்டுச் சிரித்தாள் மாமா. பிடுங்கிவிட்டு வேறு துணி கொடுத்தால் தூக்கி எறிந்தாள். சைவத்தில் பிறந்த உங்கள் மகளை நான் கட்டிக்கொண்ட பாவம் இப்படித் திரும்புகிறதோ என்னவோ. மீனை யூஜின் அய்யாவிடம் கொடுத்து, ஃபிரிட்ஜைக் கழுவி, ரப்பர் வளையம் ஒன்று வாங்கிக் குளிரவைத்துக் கொடுத்துச் சமாளித்தேன். காலையில் பத்து நிமிடம் விரல், பிறகு துணி, வெயில் தாழ்ந்ததும் மாடியில் அணிவகுப்பு. அழுகை ஒரு நாளைக்கு மூன்று தடவையாகக் குறைந்தது, பிறகு ஒன்று.

இன்று காலை கூழ் ஊட்டும்போது கரண்டி எதிலோ இடித்தது. டிங் என்று ஒரு சத்தம். நான் மறுபடி மெதுவாக வைத்தேன். டிங். யூஜின் அய்யாவைக் கூப்பிட்டேன். அவர் காதைக் கொண்டுவந்து பிள்ளையின் வாய்க்கு அருகில் வைத்துக் கேட்டுவிட்டு, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். அம்மாவாசை வண்டியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். பால்காரர் கேட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் வரிசையில் வந்து கேட்டார்கள். பிள்ளையும் ஒரு கச்சேரி வித்துவான் மாதிரி வாயைத் திறந்து திறந்து காட்டினாள்.

துர்காவுக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள். சொன்னால் நீ வந்துவிடுவாயே என்றேன். "ஆமா, வந்திருப்பேன்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம்தான் சொன்னாள், நேற்று நடந்த தேர்வில் அவள்தான் முதல் என்று.

ஆகையால் மாமா, பணிவோடு தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், பிள்ளையைக் காலாப்பட்டுக்கு அனுப்ப வேண்டிய தேவை இந்த வீட்டில் எழவில்லை, இனிமேலும் எழாது. இன்னும் பத்தொன்பது பல் வந்தாலும் ஒவ்வொன்றாக நின்று வரவேற்கும் தெம்பு உங்கள் மாப்பிள்ளைக்கு உண்டு. அத்தைக்கு என் வணக்கம். பேத்தி உங்கள் இருவருக்கும் ஒற்றைப் பல்லால் ஒரு முத்தம் அனுப்புகிறாள். எங்கள் மூவரையும் மனதார வாழ்த்த வேண்டுகிறேன்.

தங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை,
வெற்றிச்செல்வன்

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. நேற்று இதை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் துர்கா மறுபடி கூப்பிட்டாள். முதலாவதாக வந்ததால் காரைக்காலிலேயே மூன்று மாதம் பொறுப்பில் போட்டிருக்கிறார்களாம், திங்கட்கிழமை சேர வேண்டுமாம். மூன்று மாதம்தானே, தாராளமாக இரு என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் பிள்ளையின் மேல் ஈறு இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது. என் லீவு நாளையோடு முடிகிறது. யூஜின் அய்யா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். எனவே மேலே எழுதியதில் வணக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அடித்துவிடுங்கள். தபாலில் போட்டால் தாமதமாகும் என்று கடிதத்தை நானே கொண்டுவந்து உங்களிடம் கொடுத்திருக்கிறேன். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. படித்து முடித்துவிட்டீர்கள் என்றால் கொஞ்சம் நிமிர்ந்து, பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள் மாமா. தோளைக் கடிக்கிறாள்.