எல்லா ஷாட்டிலும் நான்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு உங்கள் தங்கை நலம், உங்கள் மருமகள் நலம், நான் மட்டும் நலமில்லை. உங்கள் நலத்தைக் கடைசியில் விசாரித்துக்கொள்கிறேன், கோபிக்க வேண்டாம். முதலில் விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன்.

என் மகள் கல்லூரிக் கடைசித் தேர்வுக்கு ஒரு பாட்டு வீடியோ எடுக்கிறாள் என்பதும், அது தேறாவிட்டால் சினிமாவை மூட்டை கட்டிவிட்டு உங்கள் லாரி ஆபீஸில் வந்து உட்காரட்டும் என்று நீங்கள் சொன்னதும், நான் வழக்கம்போலத் தலையாட்டியதும் நினைவிருக்கும். அந்த வீடியோவை நாசம் செய்தது நான்தான்.

எங்கள் வீட்டிலேயேதான் எடுத்தார்கள். அவளே எழுதி, அவளே பாடி, அவளே நடிப்பு. கேமரா பிடித்தது ஒட்டடைக்குச்சி என்று எல்லாரும் கூப்பிடுகிற அவளுடைய தோழி. ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு இவளும் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டுமாம். பிறகு படத்தை மெதுவாக்கினால் உதடு பாட்டோடு பொருந்திவிடும், கூந்தலும் திரைச்சீலையும் மிதக்குமாம். எனக்கு எங்கே இதெல்லாம் தெரியும்? எலி கீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம், ஒரு வார்த்தை புரியவில்லை. இவள் பாடுவது அங்கேயே பதிவாகிறது என்று நினைத்துவிட்டேன். நூலகத்தில் ஆயுசெல்லாம் ‘உஷ்’ சொல்லியே சம்பளம் வாங்குகிறவன் சும்மா இருப்பேனா? மிக்ஸியைப் போட்ட உங்கள் தங்கையை அடக்கினேன், “அப்ப இன்னிக்கு சமைக்கணுமா வேணாமா?” என்று அவள் கத்த, அதற்கும் ஒரு உஷ். ஜன்னலுக்கு வெளியே கூவிய பழைய பேப்பர்காரர், சும்மா இருமிய பக்கத்து வீட்டுக்காரர், ஒருத்தரையும் விடவில்லை. உதட்டில் விரலை வைத்தபடி, கால் நுனியில், வீடு முழுக்க நடந்துகொண்டே இருந்தேன். எதிர்வீட்டு நாயை மட்டும் அடக்க முடியவில்லை, அது என்னை அடக்கிவிட்டது.

நேற்று சாயங்காலம் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று பார்த்தேன். கதவிடுக்கில் நான், கண்ணாடிக்குள் நான், பால்கனியில் கைலியோடு நான். அதுவும் மெதுவாக, தண்ணீருக்கு அடியில் நடக்கிறவன் மாதிரி, விரலை உதட்டுக்குக் கொண்டுபோகிறேன், போகிறேன், போய்க்கொண்டே இருக்கிறேன்.

“ஏம்மா, நான் சத்தத்தைக் குறைக்கத்தானே...”

“பாட்டு போன மாசமே காலேஜ்ல ரெக்கார்ட் பண்ணியாச்சுப்பா. இங்க படம் மட்டுந்தான்.”

“திரும்ப எடுத்துடலாமே?”

“நாளைக்குக் காலைல குடுக்கணும்பா.”

இப்போது அவள் கல்லூரியில், நான் லீவு போட்டுவிட்டு ஹாலுக்கும் வாசலுக்குமாக. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான் மச்சான், அதிலும் போய் நான் நின்றுவிட்டேன். உங்கள் ஆபீஸில் ஜன்னலோர நாற்காலியாகப் பார்த்து ஒதுக்கி வையுங்கள், அவளை ஒரு வார்த்தை திட்டாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் முதுகுவலிக்கு என் அன்பான விசாரிப்புகள்.

தங்கள்,
தலையாட்டி மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் வந்துவிட்டாள். வகுப்பிலேயே முதல். நல்ல கேமராவும் நல்ல வெளிச்சமும் வைத்து எடுத்தவர்களெல்லாம் பாட்டில் இருப்பதையே படத்திலும் காட்டினார்களாம். “அடுத்து அந்த மனுஷன் எங்க வருவார்னு தேட வச்சது இது ஒண்ணுதான்” என்றாராம் வாத்தியார். நான் ஃப்ரேமில் விழுவதை முதல் ஷாட்டிலேயே ஒட்டடைக்குச்சி பார்த்துவிட்டாளாம், “இருக்கட்டும், எடு” என்றது என் மகள்தானாம். பிறகுதான் பாட்டை அதன் வேகத்தில் கேட்டேன். ‘என் குரலை வைக்க இந்த வீட்டில் இடம் எங்கே’ என்று ஆரம்பிக்கிறது. இரண்டு தரம் கேட்டேன்.

நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உள்ளே அவள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, உதட்டில் விரலை வைத்தார். “காதைப் பொத்திக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.