துருவுக்கு ஒரு கேட் பாஸ்

"ஊதாதீங்க! ஊதினா உள்ள போயிரும்!" என்று அலறினாள் அற்புதமணி.

அதற்குள் வில்பிரட் ஊதிவிட்டார். காரின் கூரைமேல் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகள் கதவிடுக்கு வழியாக உள்ளே புகுந்து, டிரைவர் சீட்டில் கூடிவிட்டன.

கார் ஒரு சாண் நீளம். பச்சை நிறம், மேலெல்லாம் பழுப்புத் திட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு மாதமாக அசையாமல் நின்றிருந்த மாடல் கார். சொந்தக்காரர் அற்புதமணியின் அண்ணன் செல்வதுரை, நாசரேத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்குப் புதன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காரை எடுத்துப்போக வருகிறார்.

"எங்க அண்ணன் இதப் பாத்தா என்னாகும் தெரியுமா?"

வில்பிரட்டுக்கு நன்றாகவே தெரியும். நாலு வருடத்துக்கு முன், மகள் சர்ச்சில் திடப்படுத்தல் பெற்றதற்கான விருந்தில், பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மச்சானுக்கு அறுபது வயசுல பொம்மைக் கார் கேக்குதோ?" என்று கேட்டவர் அவர்தான். செல்வதுரை இலையை மூடிவிட்டு எழுந்து போனார். மூன்றரை வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த மூன்றரை வருடமும் அற்புதமணி கிறிஸ்துமஸுக்குப் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளுக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன்.

ஆறு மாதத்துக்கு முன், மஸ்கட்டில் மகன் வீட்டுக்குப் போகும்போது, செல்வதுரை தானாகவே முத்தையாபுரத்தில் இவர்கள் வீட்டுக்கு வந்து காரை ஒப்படைத்தார். "ஏளா அற்புதம், உன் வீட்டுல இருக்கட்டும்" என்றார். கார் அவ்வளவு உசத்தி. அதைக் கொடுத்ததே சமாதானம்.

கூடவே ஒரு தாளில் விதிகளும் எழுதிக் கொடுத்தார். ஜன்னல் பக்கம் வைக்கக் கூடாது, வெயிலில் பெயின்ட் வெளுத்துவிடும். டயர் அழுந்தக் கூடாது, அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாதாமாதம் மாற்ற வேண்டும். யாரும் தொடவே கூடாது.

புறப்படும்போது அவர் மனைவி ஜாஸ்லின் மட்டும் வாசலிலிருந்து திரும்பி வந்து, "அண்ணே, மேசைக் கால் நாலுக்கும் அடியில தண்ணிக் கிண்ணம் வச்சிருங்க" என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

போன வாரம் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் வந்து, வில்பிரட்டுக்கு டபுள் டூட்டி. கிண்ணம் நாலும் காய்ந்துபோனதை ஒருவரும் கவனிக்கவில்லை. எறும்புகள் கவனித்துவிட்டன.

"ஈரத்துணி கொண்டா" என்றார் வில்பிரட்.

"தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"எறும்பு தொடலாமா?"

துணியை நனைத்து மெதுவாகத்தான் துடைத்தார். எறும்பு போயிற்று. துணி பழுப்பாகிவிட்டது. வில்பிரட் துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"துரு!"

இருபத்தாறு வருடமாகக் கிரேன் பராமரிப்பில் இருக்கிறவர். உப்புக் காற்றில் அவர் பார்க்காத துருவா? துருவைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக் கேட்டைச் சுரண்டிய ஆள்.

"ஏங்க, விட்டிருங்க."

"விட்டா காரையே தின்னுரும்டி. உங்க அண்ணன் வந்து பாத்து, நான் கவனிக்காம துருப்பிடிக்க விட்டேன்னு சொல்லட்டுமா? ஏதோ காபி வாசம் அடிக்கி. காபி போட்டிட்டியா?"

"எறும்போட மல்லுக்கட்டுதிய. இதுல காபி ஒண்ணுதான் கொறச்சல்."

பழைய டூத்பிரஷ், சோப்புத் தண்ணீர், பிறகு நைஸ் எமரித் தாள். அரை மணி நேரத்தில் கார் பச்சைப்பசேலென்று பளபளத்தது. கடைசியாக ஒரு தேய்ப்புத் தேய்த்தபோது, டிரைவர் பக்கத்து ரியர்வியூ கண்ணாடி, அரிசி அளவு கண்ணாடி, கழன்று சட்டைப் பையில் விழுந்தது.

"பாத்தியளா!"

"பதறாத. நாற்பது டன் கிரேனுக்கே கண்ணாடி மாட்டுறவன் நான்."

இடுக்கியால் பிடித்து, உடனே ஒட்டும் பசையில் இரண்டு சொட்டு வைத்து ஒட்டினார். ஒரு சொட்டே அதிகம். மறுபடி எறும்பு வராமலிருக்கப் பெட்டியை மட்டும் இறுக மூடிவிட்டு, கடமை முடிந்த நிம்மதியில் தூங்கப் போனார்.

வியாழன் காலையில் பார்த்தால், காரின் ஜன்னல்கள் எல்லாம் வெள்ளை பூத்துப் பனி படிந்த மாதிரி இருந்தன. மூடிய பெட்டிக்குள் பசையின் ஆவி செய்த வேலை. துடைத்தார், போகவில்லை. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தார், இன்னும் மங்கியது.

அன்று சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து வீடியோ கால்.

"ஏளா, கார் எப்படி இருக்கு?" என்றார் செல்வதுரை.

"அதுக்கென்ன, ராசா மாதிரி இருக்கு" என்றாள் அற்புதமணி, போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

வில்பிரட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. போனுக்குள் தலையை நீட்டினார். "மச்சான், உங்களுக்கு ஒரு நல்ல சேதி. உங்க கார்ல ஒரு சின்னக் கோளாறு இருந்துச்சு..."

"கோளாறா? துரு பத்திரமா இருக்குல்லா மாப்ளே?"

வில்பிரட் தலையைப் போனிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கார் யாரு வேணும்னாலும் வாங்கலாம். அந்தத் துரு இருக்கே, அது ஜெர்மனில ஒரு ஆளு கையால வரைஞ்சது. இருபது வருசம் காட்டுல கெடந்த கார் மாதிரி. பூதக்கண்ணாடி வச்சு மூணு மாசம் வரைஞ்சிருக்கான். அந்தத் துருவுக்குத்தான் நான் வாங்கினேன். ஆமா, என்ன கோளாறு?"

"எறும்பு" என்றாள் அற்புதமணி. "ஒரு எறும்பு வந்துச்சு. போயிட்டு. சரிண்ணே, இங்கன சிக்னல் சரியில்ல."

போனை அணைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் வில்பிரட்டுக்குப் பயமாக இருந்தது.

"மூணரை வருசம்" என்றாள் மெதுவாக. "இந்தத் தடவை எத்தன வருசமோ?"

வில்பிரட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "துருதான வேணும்? நாம எந்த ஊர்ல இருக்கோம்? தூத்துக்குடில துருவுக்கா பஞ்சம்?"

வெள்ளிக்கிழமை காலையில் காரை உப்புத்தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி, மொட்டைமாடிக் கொடியில், கடலைப் பார்க்கத் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து ஆசையோடு பிரித்தார். கொடியில் மாட்டிய கிளிப் துருப்பிடித்திருந்தது. கொடிக் கம்பி துருப்பிடித்திருந்தது. கார் மட்டும் மணப்பெண் மாதிரி மின்னியது.

சனிக்கிழமை, கப்பல் வந்து நிற்கும் பெர்த்தில், வெல்டர் பாண்டித்துரையிடம் விஷயத்தைச் சொன்னார். பாண்டித்துரை காரின் போட்டோவைப் பெரிதாக்கி, எமரி உரசிய இடத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது இரும்பா? வெள்ளையா இருக்கு. துத்தநாகம்லா? கப்பல் துருப்பிடிக்கக் கூடாதுன்னு அடியில கட்டி விடுதோமே, அந்த ஜாதி. நீங்க நூறு வருசம் கடல்ல போட்டாலும் செவக்காது."

வில்பிரட் தலையில் கை வைத்தார். இருபத்தாறு வருடம் வேண்டாம் வேண்டாம் என்று விரட்டிய துரு, வேண்டும் என்றபோது வரமாட்டேன் என்கிறது.

"ஒரு யோசனை அண்ணாச்சி. தானா வராதுன்னா, வந்ததை அள்ளிட்டுப் போங்க. நாலாம் நம்பர் கிரேன் காலைப் பாருங்க. கிலோ கணக்குல இருக்கு."

சுரண்டினார்கள். அதில் நல்ல துருவாகப் பொறுக்கி ஒரு டிபன் டப்பாவில் எடுத்துக்கொண்டார் வில்பிரட். வெளிவாசலில் செக்யூரிட்டி பேச்சி மறித்தாள்.

"டப்பாவுல என்ன சார்?"

"துரு."

"எங்க உள்ளது?"

"நாலாம் நம்பர் கிரேன்."

"அப்ப கம்பெனி சாமான்."

"சாமான் இல்லம்மா. சாமானைத் தின்னது."

"உள்ள இருந்து வெளிய எது போனாலும் பாஸ் வேணும் சார். நேத்து ஒருத்தர் தேங்காய் மூடி கொண்டுபோனாரு, அதுக்கே பாஸ்."

வில்பிரட் ஆபீசுக்குத் திரும்பி நடந்தார். கிளார்க் பாரத்தை எடுத்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் நிரப்பினார். பொருள்: துரு. அளவு: டப்பா ஒன்று. நிலை என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"நல்ல நிலையா, பழுதா?"

"துருவுக்கு இதைவிட நல்ல நிலை கெடையாது சார்."

"திரும்பக் கொண்டு வர்ற பாஸா, வராத பாஸா?"

"நான் கொண்டு வரமாட்டேன். ஆனா அது தானா வந்துரும்."

கிளார்க் யோசித்துவிட்டு, 'திரும்பி வரும்' என்பதில் டிக் அடித்தார்.

வீட்டில் அற்புதமணி தயாராக இருந்தாள். ஆறு மாதத்துக்கு முன் கார் வந்த அன்று எடுத்த குடும்ப போட்டோ அவள் போனில் இருந்தது. செல்வதுரையின் தொப்பைக்குப் பக்கத்தில் கார் தெளிவாகத் தெரிந்தது. டீ வடிகட்டியில் துருவைச் சலித்தார்கள். வில்பிரட் வார்னிஷில் குழைத்தார். மகளின் பழைய பிரஷ்ஷில் மூன்று முடியை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டினார்.

"பானெட்ல இடது பக்கம் இலங்கை மாதிரி ஒரு திட்டு" என்றாள் அற்புதமணி, போனைப் பார்த்தபடி.

"இலங்கை போட்டாச்சு."

"அதுக்கு மேல ராமேஸ்வரம் மாதிரி ஒரு புள்ளி. ஐயோ, அவ்வளவு பெருசா? ராமநாதபுரம் ஜில்லாவே வந்துட்டு!"

"சும்மா இரு. நீ பேசப் பேசத்தான் பெருசாகுது."

"கதவுல ஒழுகின மாதிரி இருக்கணும். ஒழுக விடுங்க."

"ஒழுக விடாம இருக்கத்தான்டி எனக்குச் சம்பளம்."

ஆனாலும் விட்டார். திட்டுக்குத் திட்டு, கோட்டுக்குக் கோடு. இருபத்தாறு வருடம் துரு எங்கே முளைக்கும், எப்படி இறங்கும், எந்த மூலையில் கறுக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சலித்த கண், இப்போது அவர் கைக்கு வழி சொன்னது. முடித்துவிட்டு இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். அற்புதமணி முதல்முறையாகச் சிரித்தாள். "பாவம், யாரோ காட்டுல விட்டுட்டுப் போயிட்டான்" என்றாள்.

இந்த முறை வார்னிஷ் நன்றாகக் காயும்வரை பெட்டியின் மூடியைத் திறந்தே வைத்தார். பாடம் படித்திருந்தார்.

ஞாயிறு பன்னிரண்டரை மணிக்குச் செல்வதுரையும் ஜாஸ்லினும் வந்தார்கள். அடுப்பில் சீலா மீன் குழம்பு. செல்வதுரை குழம்பைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் நேரே பெட்டிக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தார்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அற்புதமணி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே" என்றார் செல்வதுரை, நிமிராமல்.

"மச்சான்."

"ஜன்னல் இவ்வளவு மங்கலா இருந்துச்சா?"

"கடக்கரைக் காத்துல்லா மச்சான்..."

"காட்டுல கெடந்த கார் ஜன்னல் இப்படித்தான இருக்கணும்! நான் இத்தன நாளு சரியா பாக்கல." பூதக்கண்ணாடி பானெட் பக்கம் நகர்ந்தது. "இந்தத் துருவைப் பாருங்க. ஓரத்துல கறுத்து, நடுவுல செவந்து, அப்படியே உயிரோட இருக்கு. ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்."

நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வில்பிரட்டின் தோளில் கையைப் போட்டார்.

"பொம்மைக் கார்னு சொன்ன மனுசன், கண்ணுல வச்சுப் பாத்திருக்கிய. ஏளா அற்புதம், இந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் நாசரேத்து வந்துரணும். சொல்லிட்டேன்."

அற்புதமணி அடுக்களைக்குள் ஓடினாள். குழம்பைக் கிளறுவதாகப் பாவனை செய்துகொண்டு மூக்கை உறிஞ்சுவது வெளியே கேட்டது.

பந்தியில் செல்வதுரை மூன்று தடவை சோறு வாங்கினார். இலையை மூடவே இல்லை. வில்பிரட்டுக்கு, வியாழனிலிருந்து இறங்காத சோறு இன்று இறங்கியது. ஒரு மனுசனை ஏமாற்றிவிட்டோமே என்று நெஞ்சில் ஒரு மூலையில் மட்டும் உறுத்தியது. இன்னொரு துண்டு மீனை மச்சான் இலையில் வைத்து, அதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து, கொல்லைக் குழாயில் கை கழுவப் போனார். பின்னாலேயே ஜாஸ்லின் வந்தாள். ஒருமுறை கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, கிண்ணத்துல தண்ணியும் இல்ல, காரைச் சுத்தி ஒரு எறும்பும் இல்ல. எதுலண்ணே குழைச்சிய?"

வில்பிரட்டின் கையிலிருந்த சோப்பு நழுவி விழுந்தது.

"எ... என்னத்த?"

"துருவைத்தான். மறைக்காம சொல்லுங்கண்ணே, எனக்கும் உதவும். ஜெர்மன்காரன் போட்டதை, இவரு கார் வாங்கிட்டு வந்த மறுநாளே துருன்னு நெனச்சு நான் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். இத்தன வருசமா இவரு பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தது, கருப்பட்டிப் பாகுல நான் குழைச்சுப் பூசின காபிப்பொடிய!"