பிஸ்டனுக்குப் பிடித்த பேய்

காவேரிப் பாலத்திலிருந்து ஜீயபுரத்துக்குக் கால்மணி நேரத்தில் போய்ச் சேர்வது என்று வேதாந்தம் சபதம் செய்தார். 1936-ம் வருஷம் அது. பஸ்ஸே முக்கால் மணி நேரம் முனகிக்கொண்டு போன காலம்.

வேதாந்தம் திருச்சி ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு மேற்கே, தென்னந்தோப்பு ஓரத்துத் தனி வீட்டில் அவரும் மனைவி செண்பகவல்லியும் மட்டும்தான். காலமாகிவிட்ட ஒரு துரையின் சாமான்கள் ஏலம் போனபோது மோட்டார் சைக்கிளை வேதாந்தம் எடுத்தார். துரையின் நீளக் கோட்டும், தொப்பியும், தூசிக்கண்ணாடியும் வண்டியோடு சும்மா வந்தன.

இஞ்சினுக்குள்ளே மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் இரும்பு. கனம். அதையே அலுமினியத்தில் வார்த்துப் போட்டால் வண்டி பறக்கும் என்பது வேதாந்தத்தின் சித்தாந்தம். திருச்சியில் மோட்டார் பட்டறை வைத்திருந்த ஷேக் தாவூது, "ஜீயபுரம் வரைக்கும் நிக்காம ஓடட்டும் சாமி, ஒரு டஜன் பிஸ்டன் நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

அலுமினியத்துக்கு எங்கே போவது? சமையல் நடக்கும் தளிகை உள்ளுக்குத்தான்.

"ஏன்னா, பால் குண்டான் எங்கே?" என்றாள் செண்பகவல்லி.

"எந்தக் குண்டான்?"

"நேத்திக்கு இருந்த குண்டான்."

வேதாந்தம் குரலைத் தாழ்த்தினார். "சொன்னா பயப்படுவே. துரை இன்னும் வண்டியை விட்டுப் போகலை. வண்டி நிக்கற கொட்டகையில நடமாட்டம் இருக்கு. நீ அந்தப் பக்கமே போகாதே."

"துரைக்குப் பால் குண்டான் எதுக்கு?"

"டீ போட."

"ஐயோ ரங்கா!" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேதாந்தத்துக்குப் பரம திருப்தி. அந்த மாதம் இன்னும் இரண்டு பாத்திரங்கள் டீ குடிக்கப் போயின.

கொட்டகையில் கரி உலை வைத்து உருக்கி, காவேரி வண்டலில் வார்த்து, தாவூது பட்டறையில் கடைந்து மூன்று பிஸ்டன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பரீட்சை. ஐந்தாவது மைலில் சூடேறும், பிஸ்டன் உப்பும், சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். ஓட்டிப்போனவர் தள்ளிக்கொண்டு திரும்புவார்.

"என்ன ஆச்சு?"

"பிடிச்சுண்டுடுத்து."

"பேயா, பிஸ்டனா?"

வேதாந்தம் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினார்.

அதற்கப்புறம்தான் விபரீதம் ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து கொட்டகையைத் திறந்தார். காய்ந்த விளக்கெண்ணெய்ப் புகை வாசனை. இஞ்சினுக்கு அவர் ஊற்றுவது விளக்கெண்ணெய்தான். ஆனால் அவர் வண்டியைத் தொட்டு நாலு நாள் ஆகியிருந்தது. சக்கரக் கம்பியில் ஒரு வாழை இலைக் கிழிசல், இன்னும் பச்சையாக. ஆணியில் தொங்கிய துரையின் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். முதுகுப்புறம் ஈரம். வியர்வை ஈரம்.

காற்றே இல்லை. கோட்டின் ஒரு கை மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

இஞ்சினைப் பிரித்தார். உள்ளே அவர் வார்த்த பிஸ்டன். ஆனால் சுற்றுப்புறம் முழுக்க யாரோ அராவி, கண்ணாடி போல இழைத்திருந்தார்கள். அத்தனை பொறுமை அவருக்கு ஏழு ஜன்மத்திலும் கிடையாது.

மறுநாள் காலையில் புல்லுக்கட்டு விற்கும் காளியாயி வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"சாமி, ஜீயபுரம் ரோட்டுல நேத்து உச்சி வெயில்ல துரையைப் பாத்தேங்க. தொப்பி இருக்கு, கோட்டு இருக்கு, மூஞ்சி இல்லீங்க!"

"மூஞ்சி இல்லையா?"

"இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு கண்ணாடி மட்டும் மினுமினுன்னுச்சு. வண்டி போன பின்னாடி மஞ்ச வாசம் வேற அடிச்சுது சாமி."

வேதாந்தம் புளுகிய பேய் அவரைக் கேட்காமலே பிறந்துவிட்டது. சொல்லி அழவும் ஆள் இல்லை. செண்பகவல்லியிடம் போய், 'நான் சொன்ன பொய் நிஜமாயிடுத்து' என்று எப்படிச் சொல்வது?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு நாள் பஸ் ஏறினார். ஆறாவது மைலில் இறங்கி, வாழைத்தோட்டத்துக்குள் வாய்க்கால் ஓரமாகப் பதுங்கினார். உச்சிப்பொழுது. காக்கை கூடக் கத்தவில்லை. தார் இல்லாத வெள்ளை ரோட்டில் கானல் தண்ணீராக நெளிந்தது. தூரத்தில் ஒரு தும்பியின் ரீங்காரம் போலக் கேட்டது. பிறகு தரை அதிர்ந்தது.

கானலுக்குள்ளிருந்து துரை வந்தார். முதலில் தொப்பி. பிறகு கழுத்து வரை பூட்டிய கோட்டு. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியும் இரண்டு கண்ணாடியும். வேதாந்தம் கனவிலும் காணாத வேகம். நேரே வரும்போது அந்தத் தலை மட்டும் மெல்ல வாழைத்தோட்டத்துப் பக்கம் திரும்பியது. ஒரு கை தொப்பிக்குப் போய், மரியாதையாக அதைத் தொட்டது.

வேதாந்தம் வாய்க்காலில் விழுந்தார். யாரோ வண்டிக்காரன் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான். ஜுரம். எது பகல், எது ராத்திரி என்று தெரியாமல் கிடந்தார். செண்பகவல்லி மிளகுக் கஷாயம் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டாள்.

ஜுரம் விட்ட சாயங்காலம் ஷேக் தாவூது வந்தார்.

"அம்மா இருக்காங்களா சாமி?"

"என்ன விஷயம்?"

"டஜன் பிஸ்டன் ஆர்டர் சொல்லணும். போன வாரம் நானே கடிகாரத்தோட ஜீயபுரத்துல நின்னேன். பதினாலு நிமிஷம்! வண்டி ஓட்டினது நம்ம அம்மாதான். மாஷா அல்லா!"

வேதாந்தம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்.

தாவூது போனதும் செண்பகவல்லி நிதானமாகச் சொன்னாள். "உலைச் சாம்பல்ல குண்டான் கைப்பிடி கிடந்தது. அதுல என் பேர் வெட்டியிருக்கு. அன்னிக்கே தெரியும் உங்க துரையை."

"பிஸ்டனை அராவினது?"

"வெண்கலப் பானைக்குள்ள அலுமினியக் கிண்ணத்தை வெச்சு அடுப்பில ஏத்தினா, இறுகிண்டு வெளியே வராது. சூட்டுல அலுமினியம்தான் ஜாஸ்தி உப்பும். தளிகை பண்றவளுக்கு இது தெரியாதா? முடி கனம் அராவினேன்."

"ஓட்டக் கத்துண்டது?"

"நீங்க விழுந்து விழுந்து கத்துண்டேளே, அதைப் பார்த்துத்தான்."

வேதாந்தத்துக்கு உயிர் வந்தது. உயிரோடு கோபமும் வந்தது. "அப்போ பேயும் இல்லை, பிசாசும் இல்லை! வண்டி என்னோடது, பிஸ்டன் என்னோடது, ஆர்டரும் என் பேர்லதான்! நாளைக்கு நானே ஓட்டறேன்!"

"பேஷா ஓட்டுங்கோ" என்றாள் அவள். பிறகு தயங்கினாள். "வாழைத்தோட்டத்துல நீங்க பார்த்தது வெள்ளிக்கிழமைதானே?"

"ஆமா... வெள்ளிதான் போல."

"வெள்ளிக்கிழமை நான் வண்டியைத் தொடறதே இல்லையே. திருவானைக்காவல்ல அக்கா ஆத்துக்குப் போயிடுவேன்."

கொட்டகைப் பக்கம் ஒரு தகரம் 'கிர்ர்' என்றது. வேதாந்தம் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"தொப்பியைத் தொட்டு மரியாதை பண்ணித்தே..." என்றார்.

"சொந்தக்காரன் யாருன்னு அடையாளம் பார்த்திருக்கும். எனக்கென்னவோ, வண்டி உங்க பேர்ல இருக்கறது நல்லதாப் படலை. வெள்ளைக்காராள்லாம் பொம்மனாட்டியைக் கண்டா ஒதுங்கி வழி விடுவா. என் பேருக்கு மாத்திடுங்கோ. வர்றது என்னோட போகட்டும்."

"நீயா? உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"உங்களுக்காக இதுகூடப் பண்ணமாட்டேனா?"

வேதாந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பதிவிரதையைக் கொடுத்த ரங்கநாதனைக் கும்பிட்டுவிட்டு, வண்டியையும், வார்ப்பு அச்சுகளையும், தாவூது ஆர்டரையும் அவள் பேருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உடம்பு தேறி ஆபீஸுக்குப் போன அன்று பெரிய குமாஸ்தா அவருடைய லீவு லெட்டரை எடுத்து மேஜையில் போட்டார்.

"ஜுரத்துக்குத் தனியா ஒண்ணு எழுதிக் குடும் ஓய். இது ஒரு நாளைக்குத்தான் ஆச்சு."

வேதாந்தம் பார்த்தார். அவருடைய கையெழுத்தேதான். லீவு நாள்: வியாழக்கிழமை.