உங்கள் தங்கை திறந்துவைத்த ஃபைல்

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. மகள் நலம். நான் ஆபீஸ் போய் வருகிறேன். அக்காவின் முழங்கால் வலி தேவலையா? நான் வேலையை விடுகிறேன், மச்சான். கொஞ்ச காலம் உங்களோடு வந்து இருக்கலாம் என்றிருக்கிறேன். மாடி அறையை ஒழித்து வையுங்கள். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

உங்கள் தங்கை எங்கள் ஆபீஸில் கடைசியாக வரைந்துகொண்டிருந்தது, குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் கருவிக்கான சர்க்யூட். அதில் என்னென்ன பாகங்கள், எது எதோடு சேர்கிறது என்று எடுத்துக் கொடுத்தால் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிவிடுவார்கள். அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஃபைலைத் திறந்தேன். 'இதை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லி, கீழே அவள் பெயரைக் காட்டிப் பூட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று மூடாமலே போனவள், திரும்பவேயில்லை. கம்ப்யூட்டர் அறைப் பெண் எட்டிப்பார்த்து, "ஒரு வரி போதும் சார், பூட்டை உடைச்சிடலாம்," என்றாள். "வேண்டாம்மா, அவங்க இன்னும் முடிக்கல," என்று வாயில் வந்துவிட்டது. அந்தப் பெண் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள்.

பூட்டைத் தொடாமல் பாகங்களின் பட்டியலை எடுக்க வேண்டுமென்றால் அந்த மென்பொருளின் சொந்த ஸ்கிரிப்ட் மொழியில் எழுதவேண்டும். அது ஒரு மொழியா மச்சான், எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறி, ஒன்றை மூட மறந்தால் தப்பு என்றும் சொல்லாது சரி என்றும் சொல்லாது, நான் இன்னும் ஏதோ பேசப்போகிறேன் என்று கர்சரைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், எல்லாவற்றையும் மூடினால் ஆங்கில எழுத்தில் 'நில்' என்னும். அதன் பாஷையில் ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். நான் தமிழில் படித்துவிட்டு, நிஜமாகவே கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வேலை முடிந்தாலும் நில்தான், குட்டிச்சுவரானாலும் நில்தான். இதைத்தான் அவள் ஒரு கையில் காபியோடு எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக எடுத்தேன், ஆனால் மைக்ரோ என்பதைக் குறிக்கும் ஒற்றை எழுத்தை என் ஸ்கிரிப்ட் முழுங்கிவிட்டது, அதாவது அளவு பத்து லட்சம் மடங்கு பெருத்துவிட்டது. கொள்முதல்காரர் ஓடிவந்தார். "சார், போர்டு கட்டைவிரல் அளவுதானே? கெபாசிட்டர் சோடா கேன் சைஸ்ல வந்து இறங்கியிருக்கு! குழந்தைக்கு மாட்டவா, லாரிக்கு மாட்டவா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவள் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலியில் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள்.

மேனேஜர் கூப்பிட்டு, "எனக்கும் வருத்தம்தான் சார். ஆனா எத்தனை நாள் காத்திருக்க முடியும்? நாளைக்குப் பூட்டை எடுத்துடலாம்," என்றார். "நான் இல்லாதப்ப எடுத்துக்குங்க," என்று ராஜினாமாவை எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டேன். அவர்மேல் கோபமில்லை. குழந்தைகள் காத்திருக்கின்றன என்பது எனக்கும் தெரியாதா? அந்தப் பெயர் அங்கிருந்து போவதைப் பார்க்கத்தான் தெம்பில்லை.

மகள் உங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை மறந்துவிடுங்கள், நான் வரவில்லை. இன்று காலை ஆபீஸில் கரண்ட் போய், அவள் கம்ப்யூட்டர் உட்பட எல்லா இயந்திரங்களும் அணைந்து மறுபடி எழுந்தன. ஃபைல் யார் பெயரையும் சொல்லாமல் திறந்துகொண்டது. பூட்டை யாரும் உடைக்கவில்லை, மச்சான். படத்தின் ஓரத்தில் ஒரு கம்பி எதிலும் சேராமல் நிற்கிறது. "இதை நானே முடிக்கிறேன்," என்றேன். மேனேஜர் ராஜினாமாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கம்பியை எங்கே சேர்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். நாளைக்குச் சேர்க்கிறேன். இன்று ஒருநாள் அப்படியே இருக்கட்டும்.