பூதத்தைக் கொன்றவனின் மடி

"வாள் பிடிச்ச கை தலையைத் தடவுமா கிளைவ்? அந்தக் கட்டத்தை வெட்டு," என்றார்கள் நாடகப் பிரதியைப் படித்த வாசகர் வட்டத்தார்.

ஏழுதலைப் பூதத்தைக் கொன்ற அரசன், சாகக் கிடக்கும் தோழனை மடியில் போட்டு அழுகிறான். அந்தப் பழைய மாயக்கதையில் அப்படித்தான் இருக்கிறது. வட்டத்தாரின் வீரனோ அழவே மாட்டானாம்!

அந்தக் கதைதான் யுத்தம் முடிந்து ஊரில் மேடையேறும் முதல் நாடகம். அதை நெறிப்படுத்தி அரசனாகவும் நடிக்கும் தச்சன் கிளைவுக்கு அதுவே கடைசி நாடகம்; அது முடிந்த அடுத்த வாரம் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்கிறான். போகிற நேரத்தில் ஊர் சிரிக்கக் கூடாது. கல்நெஞ்சு அரசனைக் காட்டியே தீருவதென்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான்.

தோழனாக நடித்தவன் அழகரத்தினம், வாவியில் வலை வீசுபவன். சுனாமியன்று இருவரும் ஒரே தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பியவர்கள். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மடி வேணாம் மச்சான். பாயில கிடந்து சாவு."

"ஓம்."

ஒத்திகையில் உருண்டு உருண்டு வந்து மடியிலேயே செத்தான்.

"என்னடா இது?"

"மறந்துபோயித்து மச்சான்."

மடியே இல்லாதபடி கிளைவ் நின்றுகொண்டே நடித்துப் பார்த்தான். அழகரத்தினம் காலைக் கட்டிக்கொண்டு செத்தான். அரசன் தொப்பென்று அவன்மேலேயே விழ, பார்த்திருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

அடுத்து, தன் மனைவி எல்சிக்கு அரசியாக முடிசூட்டி இருவருக்கும் நடுவில் உட்காரவைத்தான். அழகரத்தினம் அரசியைச் சுற்றித் தவழ்ந்து அரசனின் மடிக்கே வந்தான்.

"அவனையே மடியில வெச்சிரு, நான் வாறன்," என்று முடியைக் கழற்றி எறிந்துவிட்டு எல்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அரசனுக்கும் தோழனுக்கும் அப்படி என்ன உறவு என்று வட்டத்தார் குசுகுசுக்கத் தொடங்கினார்கள்.

கிளைவ் விடுவானா? நாடகத்தன்று ஆளுயரச் சிம்மாசனம் ஒன்றைத் தானே செய்து அதன் உச்சியில் உட்கார்ந்துகொண்டான். தான் இறங்க வேண்டுமே என்று ஏணியை விட்டுவைத்ததுதான் பிழை.

நெஞ்சில் அம்போடு அழகரத்தினம் ஏணியில் ஏறினான். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் எதையும் கவனிக்காமல் கடைசிப் படிவரை ஏறி, அரசனின் மடியில் தலையை வைத்துச் செத்தான்.

திரை விழுந்தது.

"நாடகம் முழுக்க ஒரு வசனம் பிழைக்கல்ல. இது மட்டும் எப்பிடிடா உனக்கு மறக்குது?" என்று கிளைவ் கத்தினான்.

அழகரத்தினம் கண்ணைத் திறக்கவில்லை. தலையையும் எடுக்கவில்லை.

திரைக்கயிறு பிடித்திருந்த அப்துல் கபூர்தான் பதில் சொன்னார்.

"அவனுக்கு மறக்கல்ல கிளைவ். வாற கிழமை நீ போயித்தா, மறுகா எந்த நாடகத்தில அவன் உன்ட மடியில தலை வைக்கிற?"