முதலிடத்தில் வந்த ஊடு

கோயம்புத்தூரிலிருந்து எல்லை தாண்டினால் வரும் எலப்புள்ளியில், வயலை ஒட்டி எங்கள் வீடு; எங்கள் பேச்சில் ஊடு. அதில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விட்டிருந்தேன். வெப்சைட்டும் போட்டேன். கூகுளில் யார் தேடினாலும் அது முதலிடத்தில் வரவேண்டும், அதுவரை தாடி எடுப்பதில்லை என்று சபதம் செய்தேன்.

வழி சுலபம் என்று நினைத்தேன். தினமும் நானே தேடினேன். கடைசிப் பக்கங்களில் கிடந்த என் வெப்சைட்டைத் தோண்டியெடுத்து அமுக்கினேன். பல் தேய்க்கும்போது அமுக்கினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அமுக்கினேன். அதுவும் மெல்ல மேலே ஏறியது. விஷுவுக்குள் முதலிடம். அறைகளும் நிரம்ப ஆரம்பித்தன. தாடியை எடுத்துவிட்டு, மழமழ முகத்தோடு மனைவி நர்மதா முன்னால் நின்றேன்.

"பாத்தியா புள்ள? இஸ்கூல்ல வாங்காத ஃபர்ஸ்ட் ரேங்க்கு."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "அது உங்க போன்லதானுங்க. என் போன்ல காணமுங்களே."

அவள் போனை வாங்கித் தேடினேன். மேலே மேப்பும் படமுமாக யாரோ போட்டிக்காரர்கள். எதிரி முகத்தில் ஏன் விழிக்கவேண்டும் என்று வேகமாகத் தள்ளினேன். தள்ளிக்கொண்டே இருந்தேன். நான் எங்குமே இல்லை.

பக்கத்து வீட்டு டின்சி கஞ்சிக்கோட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அவளைக் கூப்பிட்டேன்.

"சேட்டா, நீங்க தினமும் அதையே அமுக்கறீங்க. அதனால உங்க போனு உங்களுக்கு மட்டும் அத முன்னால காட்டுது. ஊருக்குக் காட்டாது."

"அப்ப ரூம்புக்கு வர்றவங்க எதப் பாத்து வர்றாங்க?"

டின்சி நர்மதாவைப் பார்த்தாள். நர்மதா தேங்காயைப் பார்த்தாள்.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டே விசாரித்தேன்.

"கூகுள்லதாங்க பாத்தோம். முதல்லயே வந்துச்சே," என்றார் அந்தக் குடும்பத் தலைவர்.

காட்டச் சொன்னேன். காட்டினார். மேப்பில், எல்லாருக்கும் மேலே: 'நர்மதா ஊடு'. என் வயல். என் கன்றுக்குட்டி. அவள் வைத்த குழம்பு. வரிசையாக நட்சத்திரங்கள்.

அடுக்களைக்கு ஓடினேன். "ஏம்புள்ள, இது எப்ப இருந்து?"

"நீங்க தாடி வளக்க ஆரம்பிச்சப்பவேங்க. டின்சிதான் மேப்புல போட்டுக் குடுத்துச்சு. சோறு புடிச்சிருந்தா நாலு வார்த்த எழுதிட்டுப் போங்கன்னு வர்றவங்ககிட்டச் சொன்னேன். எழுதறாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல வந்தப்பெல்லாம் நீங்க தேடிட்டே இருந்தீங்களே."

தேடுபொறி என்று பெயர் வைத்தவர் அனுபவசாலி. பொறியேதான். எலிதான் நான்.

சரி, என்னைப் பற்றியும் யாராவது எழுதியிருப்பார்கள் என்று உட்கார்ந்து படித்தேன். குழம்பு பிரமாதம் என்றார்கள். அக்கா தங்கமானவர் என்றார்கள். கன்றுக்குட்டியைக்கூட ஒருவர் புகழ்ந்திருந்தார். கடைசியில் என் முறையும் வந்தது.

'அருமையான இடம். பை தூக்கும் வேலையாள் மட்டும் வெப்சைட், ரேங்க் என்று விடாமல் பேசுகிறார்.'

அதன் கீழே வீட்டுக்காரம்மாவின் பதில்: 'சிரமத்துக்கு மன்னிக்கவும். ரொம்ப வருஷமாக இருக்கும் ஆள். நிறுத்த மனசு வரவில்லை.'